இத்தாவில் கட்டிய கொம்பியூட்டர்

என் கணவர் மௌத்தாகி இரண்டாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கொம்பியூட்டர் கட்ட வெளிக்கிட்டேன். கட்டுவது என்றால் கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவதல்ல. பெட்டி, உள்ளே வைக்கும் மதர்போட், புரொசசர், பவர் சப்ளை என்று ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகத் தெரிந்தெடுத்து, வாங்கி, சொந்தக் கையால் பொருத்துவது. அப்படிச் செய்தால் கையில் இருக்கிற காசுக்குக் கொஞ்சம் மேலான மெஷின் கிடைக்கும். எனக்கு இருந்த வில்லங்கம் என்னவென்றால், நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும். வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, நகை கூடாது, அத்தர் கூடாது. கல்முனைக் கடைத்தெரு எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டாமல், எதையும் தொட்டுப் பார்க்காமல், பெட்டியைத் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதை வாசிக்காமல் நான் ஏழெட்டுச் சாமான் வாங்கவேண்டியிருந்தது.

அவர் வேன் ஓடியவர். ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு நெஞ்சு நோகிறது என்றார், பொழுது பட்டு மஃரிபு ஆகுமுன் ஆள் இல்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். தொடங்கினால் வேறொன்றும் எழுத முடியாமற் போய்விடும்.

நாற்பதாம் நாள் முடிந்த கையோடு குடும்பம் கூடியது. குடும்பம் என்றால் என் உம்மா, நானா, ராத்தா. நானா எனக்கு மூத்த ஆண். அறுவடை மெஷின் இரண்டு வைத்து வாடகைக்கு விடுகிறவர். ராத்தா எங்கள் எல்லாருக்கும் மூத்தவள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவள் புருஷன் கட்டாரில், அவள் பிள்ளைகள் படிப்புக்காக வெளியூரில். கூடினவர்கள் என்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். என் வீடு மெயின் வீதியில் இருக்கிறது. முன்பக்கத்தை ஒரு மருந்துக் கடைக்காரர் நல்ல வாடகைக்குக் கேட்கிறார், பின்பக்கத்தைக் களஞ்சியத்துக்கு எடுக்கிறாராம். நானும் மகளும் ராத்தாவின் வீட்டுப் பின்னறைக்குப் போகவேண்டும், உம்மா நானாவோடு. வாடகைக் காசில் நானும் பிள்ளையும் சீவிக்கலாம்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. வாப்பா கடன்பட்டு, கல் சுமந்து, எனக்காகக் கட்டித் தந்த வீடு அது. மாப்பிள்ளையே அந்த வீட்டுக்குத்தான் வந்தார். அவர் போன கையோடு நானும் போகவேண்டுமாம். ராத்தாவின் பின்னறையை எனக்கு நன்றாகத் தெரியும். நானாவின் நெல் மூட்டையும் உடைந்த கட்டிலும் கிடக்கிற அறை.

"நான் என்ன நெல் மூட்டையா, கொண்டு போய் அடுக்குறதுக்கு?" என்று கேட்டேன்.

"வாய் மட்டும் குறையல்ல இவளுக்கு" என்றாள் ராத்தா. "பிள்ளைய வெச்சிக்கிட்டுத் தனிய என்ன செய்யப்போறாய்? காசு எங்கால வரும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லாததில்தான் எனக்குப் பொல்லாத கோபம். எனக்குக் கோபம் வந்தால் கண்ணீரும் சேர்ந்து வரும், அதைப் பார்த்து எல்லாரும் நான் கவலையில் அழுகிறேன் என்று தலையைத் தடவுவார்கள். அன்றும் தடவினார்கள்.

பதில் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் வீடு கட்டும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வீட்டுப் படம், அதாவது பிளான், கீறும் வேலை செய்தேன். அங்கே என்னோடு இருந்த ஒரு பெண் பொறியியலாளர் இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பெரிய இடத்தில் இருக்கிறார். மௌத்துச் செய்தி கேட்டு ஃபோன் எடுத்தவர், கடைசியில், "வீட்டில இருந்தே படம் கீறித் தர ஆள் தேவை. செய்வீங்களா?" என்று கேட்டார். ஒரு மாடி வீட்டின் முழுப் படமும், வெளித்தோற்றம் நிறத்தோடும் ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். சரிவந்தால் மாதச் சம்பளத்துக்கு வேலை.

நானாவிடம் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். "இத்தா முடியிறதுக்குள்ள வேலை ஒண்டு கையில இரிந்தா வீட்டுக் கதைய விட்டிருவம். இல்லாட்டி மருந்துக் கடைக்காரருக்குச் சாவி குடுக்கிற. சரியா?" என்றார். சரி என்றேன். ஆகவே அந்த ஒரு மாதத்தில் எனக்கு என் வீடு மிஞ்சுமா இல்லையா என்பது ஒரு படத்தில் தொங்கியது.

வீட்டில் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. ஒரு சுவரைக் கீறிவிட்டு, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தால்தான் அந்தச் சுவர் திரையில் தெரியும். நிறம் போடச் சொன்னால் அப்படியே உறைந்து போகும். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதமல்ல, ஒரு வருடம் இருந்தாலும் படம் முடியாது. கழற்றி அலுமாரியில் வைத்திருந்த என் காப்புச் சோடியை உம்மாவிடம் எடுத்துக் கொடுத்தேன். "எப்பிடியும் போட ஏலாது. சும்மா கிடந்து என்ன செய்யப்போகுது? வித்துத் தாங்க" என்றேன். உம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

கல்முனைக் கடைக்காரரின் இலக்கத்தை நானா தந்தார். அவர் தமிழ் ஆள், விநாயகபுரத்துக்காரர். தகப்பன், அண்ணன்மார் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் கொம்பியூட்டர் பக்கம் வந்தவர். இங்கேதான் முதல் தகராறு. அந்நிய ஆணோடு நான் நேரே கதைப்பது உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தேவையென்றால் கதைக்கலாம் என்று நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே ஸ்பீக்கரைப் போட்டு, நான் உம்மாவுக்குச் சொல்ல, உம்மா தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே கடைக்காரருக்குச் சொல்வார்.

"மகன், அவ கேக்கிறா, மூளைக்குள்ளேயே படம் காட்டுற சாமான் இரிக்கிற மாதிரி ஒண்டு வேணுமாம்."

அந்தப் பக்கம் அவர் அதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அம்மா, கிராபிக்ஸ் உள்ளுக்கு வாற புரொசசரையா கேக்கிறாங்க?" என்றார்.

"ஓம் போல" என்றார் உம்மா. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

படம் கீறுகிற ஆட்களுக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் காட் போட்டால் நல்லதுதான். ஆனால் என் காப்பு இரண்டும் சேர்ந்தாலும் அந்த ஒரு காட்டுக்கே போதாது. அதனால் படத்தைத் தானே காட்டக்கூடிய புரொசசராக ஒன்றை எடுத்து, காட்டைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அதற்கு ஏற்ற போட் வேண்டும். பிறகொரு நாள் காட் பூட்ட இடமுள்ள போட். பழையது ஒன்று மலிவாக இருக்கிறது என்று படம் அனுப்பினார். நான் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், கம்பிகள் ஓரத்தில் பச்சை படிந்திருந்தது. "இது கடற்கரை வீட்டில இரிந்ததா எண்டு கேளுங்க உம்மா" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "தங்கச்சி கெட்டிக்காரி. ஓம், கடலடி வீடுதான். உப்புக்காத்து உள்ளுக்குப் போன போட் இண்டைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். என்ட சொந்தக்காரர்ட வீட்டு ரேடியோ எல்லாம் அப்பிடித்தான் போனது. புதுசு எடுங்க" என்றார். விற்க வந்த மனிதர் தன் சாமானையே வேண்டாம் என்று சொன்ன பிறகு உம்மாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மூன்றாம் நாள், "எனக்கு வாய் நோகுதுகா. நீயே கதை, அல்லாஹ் மன்னிப்பான்" என்று ஃபோனை என்னிடம் தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே இருந்துகொண்டார்.

பவர் சப்ளையில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் வந்து போகிற கூத்துக்கு மலிவான பவர் சப்ளை போட்டால், அது சாகும்போது போட்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெட்டி என்னவாயிருந்தால் என்ன, பளபளவென்று கண்ணாடி வைத்த பெட்டி எதற்கு? கடையில் கீறல் விழுந்து கிடந்த ஒன்றை எடுத்தேன். திரை முன்பு ஆரோ பாவித்தது; படம் கீறுகிற எனக்குத் திரையில் கறை இருக்கிறதா என்று தெரியவேண்டும், ஆகவே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்புப் போட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த மனிதர் அதையும் சலிக்காமல் செய்தார்.

இவ்வளவோடு காப்பு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு சாமான் பாக்கி. ஒன்று ரேம், விரலளவு அகலத்தில் நீட்டுப் பச்சைத் தகடு, எனக்கு அதில் இரண்டு வேண்டும். மற்றது எஸ்எஸ்டி, எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற சாமான். லெப்டொப்பில் இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றிப் போடலாமா என்று கேட்டேன். "போடலாம் தங்கச்சி, ஆனா புது மெஷினும் பழைய நடைதான் நடக்கும்" என்றார். அது கிடுகிடு என்று சத்தமும் போட்டது. நம்பி வேலை செய்ய முடியாது.

நானாவிடம், வேலை கிடைத்துத் திருப்பித் தரும்வரை இந்த இரண்டையும் கைமாற்றாக எடுத்துத் தரச் சொல்லிப் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அப்போது சாகாமத்துப் பக்கம் மெஷினோடு வயலில் நின்றார். மெஷின்காரனுக்குக் கூலி, டீசல், உடைந்த பெல்ட் என்று அவர் கையிலும் காசில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? என் பட்டியலை அப்படியே தூக்கிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். மாமிமார், சாச்சிமார், மச்சிமார், அவர்களுடைய மருமக்கள் எல்லாரும் இருக்கிற குழு. கீழே ஒரு வரி: "தங்கச்சிக்கு இது தேவை. ஏலுமானவங்க பாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஃபோன் எடுத்து நன்றாக ஏசினேன். "நான் கைமாத்துக் கேட்டன். நீங்க என்னைத் தெருவில நிப்பாட்டிட்டீங்க!"

"என்னகா பிழை? நம்மட ஆக்கள்தானே?" என்றார் அவர். பின்னால் மெஷின் இரைந்தது. அவர் முகத்தைப் பார்க்காவிட்டாலும் அது வெள்ளை மனத்தோடு சொன்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. அதுவும் கோபத்தைக் கூட்டியது.

குழுவில் ஒரு பதில் வரவில்லை. ஒருவர் பெருவிரலைக் கூடத் தூக்கிக் காட்டவில்லை. ஐந்து நாள் போனது, பத்து நாள் போனது. கேட்டதுக்கு வெட்கப்பட்ட நான் இப்போது கேட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வெட்கப்பட்டேன். அதே நாட்களில் பெண்கள் மட்டும் வழமையைவிட அதிகமாக வந்து போனார்கள். ஒரு மாமி ரொட்டி கொண்டு வருவார், ஒரு சாச்சி பழம் கொண்டு வருவார், என்னோடு இருந்து கதைத்துவிட்டுக் குசினியில் உம்மாவோடு குசுகுசுத்துவிட்டுப் போவார்கள். கொம்பியூட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரொட்டியை வைத்துக்கொண்டு நான் எப்படிப் படம் கீறுவது?

ராத்தாவும் வந்தாள். வந்து உட்கார்ந்ததும் பழைய பாட்டுத்தான். "எப்ப வாறாய்? அறையத் துப்புரவாக்கவேணும், அதுக்குத்தான் கேக்கிறன்."

"உங்கட சாக்கு அறைக்கு நான் வரமாட்டன் ராத்தா" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "பின்னறையில ஒரு வேலைக்காரி இரிந்தா உங்களுக்கும் வசதிதானே? சமைக்க, கூட்ட, பெருக்க. அதுக்குத்தானே இந்தப் பாடு படுறீங்க?"

தனக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் ராத்தா எழும்பி, அபாயாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் யன்னல் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

படம் அனுப்ப ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. மேசையில் பெட்டி, போட், புரொசசர், எல்லாம் உறையோடு அடுக்கியிருந்தது, உயிர் மட்டும் இல்லை. அன்று லுஹர் தொழுதுவிட்டு உம்மாவிடம் போனேன். "நானாவுக்கு எடுத்துச் சொல்லுங்க. மருந்துக் கடைக்காரருக்குச் சாவியக் குடுக்கட்டும். என்னால ஏலா" என்றேன். சொல்லி முடிக்கமுன் அழுகை வந்துவிட்டது. அது கோபத்தில் வந்த அழுகையல்ல. வாப்பா கட்டின சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

உம்மா பதறிப் போனார். "அழாத புள்ள, அழாத. யா அல்லாஹ், நான் என்ன செய்வன்?" என்று அங்குமிங்கும் நடந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு, நாலு சின்னப் பொதியை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"வாக்குக் குடுத்துட்டன்கா. இத்தா முடியிற அண்டைக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. ஆர் தந்த எண்டு உனக்கும் சொல்லக்கூடாது, மத்த ஆக்களுக்கும் சொல்லக்கூடாது எண்டு ஒவ்வொருத்தரும் என்ட கையப் பிடிச்சிச் சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."

எங்கள் ஆட்கள் கொடுக்கிற முறை அது. இத்தா இருக்கிற பெண்ணுக்குக் கொடுப்பதென்றால் இன்னும் இரகசியம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் நன்மை போய்விடும் என்று, புருஷனுக்குப் பெண்சாதி சொல்ல மாட்டாள், ராத்தாவுக்குத் தங்கச்சி சொல்ல மாட்டாள். குழுவில் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவர்களைப் பற்றி என்னென்ன நினைத்தேன்! பொதிகளைப் பிரித்தேன்.

முதற்பொதியில் ரேம். இரண்டாவதில் ரேம். மூன்றாவதில் ரேம்.

பட்டியலில் பாக்கியிருந்த இரண்டில் மலிவானது அதுதான், ஆளுக்கொன்று வாங்கக்கூடிய விலை. மூன்று பெண்களும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து கணக்குப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அதையே வாங்கியிருக்கிறார்கள். நாலாவது பொதியில் இருந்ததும் ரேம்தான். ஆனால் அது பாதி நீளம், பழையது. எஸ்எஸ்டியை ஒருவரும் வாங்கவில்லை. அழுதுகொண்டிருந்த நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன், உம்மாவுக்கு என் மூளை குழம்பிவிட்டதென்று பயம்.

இரண்டு போதும், மிச்சத்தைக் கொடுத்து எஸ்எஸ்டி மாற்றலாம் என்றேன். உம்மா மறித்தார். "ஒருத்தர் ஆசையோட தந்ததக் கடையில கொண்டு போய்க் குடுக்கிறதா? எதை வெச்சிக்கொள்ளுவாய், எதை மாத்துவாய்? ஆர்ர மனம் நோகும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"ஆர் தந்த எண்டே தெரியாம ஆர்ர மனம் நோகும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் உம்மா?"

"அதுதான் நானும் சொல்றன்" என்றார் உம்மா. அவரோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. மாற்றுவதற்குப் பில்லும் இல்லை. பில்லைக் கேட்கவேண்டுமென்றால் கொடுத்தவர் ஆரென்று தெரியவேண்டும்.

கடைக்காரருக்கு எடுத்தேன். சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா, தெரிஞ்சிட்டுதா? தங்கச்சி, மூண்டு பேரும் என்னட்டத்தான் வாங்கினாங்க."

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சுகொண்டா சும்மா இரிந்தீங்க? பத்து நாளா நான் இஞ்ச செத்துக்கொண்டு இரிக்கன்!"

"கோவிக்காதீங்க. மூண்டு பேரும், ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு சொல்லித்தான் வாங்கினவங்க. உங்கட ஆக்களுக்குள்ள அது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதா? எத்தின வருசமா உங்களோட யாவாரம் செய்றன். மூண்டாவது ஆள் வரக்குள்ள, இது வேணாம், எஸ்எஸ்டி எடுங்க எண்டு சொல்லிப் பாத்தன். ஏன் வேணாம் எண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? அமானிதமெண்டு நம்பிச் சொன்ன கதையை நான் எப்பிடி வெளிய விடுற?"

அமானிதம், நம்பி ஒப்படைத்தது, என்ற எங்கள் சொல் அவர் வாயில் வந்ததும் உம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டார். "நல்ல புள்ள" என்று முணுமுணுத்தார். அதன் பிறகு மாற்றுவதற்கு மறுப்பு ஒன்றும் வரவில்லை. பில் தேவையில்லை, என்ட ஸ்டிக்கர் இரிந்தாப் போதும், கூடுற காசைப் பிறகு பாப்பம் என்றார் கடைக்காரர்.

"நாலாவது ஒண்டும் இரிக்கு. சின்னது" என்று படமெடுத்து அனுப்பினேன்.

"இது என்ட கடையில எடுத்ததில்ல. லெப்டொப்புக்குப் போடுற ரேம். எதிலயோ இரிந்து கழட்டியிருக்காங்க தங்கச்சி. இது உங்கட மெஷினுக்குப் பொருந்தாது. கழட்டின லெப்டொப்பும் இது இல்லாம ஓடாது."

ஆர் இப்படிச் செய்தது? அந்தத் தகடு வந்த பெட்டியைத் திரும்ப எடுத்தேன். சின்னக் காகிதப் பெட்டி. திறந்து பார்த்த விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். கரும்பலகையில் எழுதுகிற சோக்கு.

எங்கள் குடும்பத்தில் சோக்குப் பெட்டி கிடக்கிற வீடு ஒன்றுதான்.

"ராத்தாவா உம்மா?" என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லல்ல" என்று உம்மா மறுபக்கம் திரும்பினார்.

"எப்ப தந்தாங்க?"

"நான் ஒண்டும் சொல்லல்ல எண்டு சொன்னன்தானே? அண்டைக்கு நீ வேலைக்காரி எண்டு ஏசக்குள்ள அது அலுமாரிக்குள்ளதான் கிடந்தது" என்றார். என்றபின் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராத்தாவுக்கு எடுத்தேன். நேரே கேட்க வாய் வராமல், "மார்க்ஸ் எல்லாம் போட்டு முடிஞ்சா ராத்தா?" என்று கேட்டேன். தவணைப் பரீட்சை முடிந்த நேரம்.

"கையால எழுதிக்கொண்டு இரிக்கன்கா. லெப்டொப் பழுதாப் போயிட்டு" என்றாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. "நீ சாப்பிட்டியா?"

ஃபோனை வைத்துவிட்டு நான் இருந்த இருப்பை எழுத வெட்கமாக இருக்கிறது. கையில் காசில்லாதவள், ரேம் என்றால் எது என்று மட்டும் தெரிந்தவள், மேசையில் இருந்த தன் லெப்டொப்பைத் திருப்பி, ஆணி கழற்றி, அதை எடுத்துத் தந்திருக்கிறாள். நாற்பது பிள்ளைகளின் புள்ளிகளைக் கோடு போட்டுக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளை நான் என்ன சொன்னேன்? என் நாக்கை அறுத்துப் போடவேண்டும் போலிருந்தது.

தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டவும் கூடாது. அந்தத் தகட்டைத் திரும்பச் சோக்குப் பெட்டியில் வைத்து உம்மாவிடம் கொடுத்தேன். "அவங்கட மேசையில வெச்சிட்டு வாங்க. ஆருக்கும் சொல்லாதீங்க."

"இன்னொண்டா?" என்றார் உம்மா. "என்ட வயசுக்கு எத்தின ரகசியத்தத்தான் வயித்துக்குள்ள வெச்சிக்கொண்டிருக்கிற?" ஆனாலும் போய் வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் ராத்தாவின் லெப்டொப் ஓடியது என்று எனக்கு வேறு வழியில் தெரியவந்தது. அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை, என்னிடமிருந்தும் போகவில்லை.

எஸ்எஸ்டி வந்த அன்று காலையிலேயே மெஷினைக் கட்டினேன். கடைக்காரர் ஃபோனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் பொருத்தி, படமெடுத்து அனுப்பி, சரி என்றதும் அடுத்ததுக்குப் போனேன். ரேமை அழுத்தும்போது டக் என்று சத்தம் வரவேண்டும் என்றார். பயந்து பயந்து அழுத்தினேன். "முறியாது தங்கச்சி, கோவத்தோட அழுத்துங்க. உங்களுக்கு வரும்தானே?" என்றார். வந்தது. பொத்தானை அழுத்த விசிறி சுற்றித் திரையில் எழுத்து வந்தபோது உம்மா சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

மிச்ச நாட்களில் நான் கதிரையை விட்டு எழும்பியது தொழுகைக்கும் சோற்றுக்கும்தான். சுவர் கீறினால் சுவர் வந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள் படங்களை அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து கொழும்பு மேடம் ஃபோன் எடுத்து, படிக்கட்டில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்திவிட்டு முதலாம் திகதியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள் என்றார். நானா வயலிலிருந்தே மருந்துக் கடைக்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இத்தா முடிந்தது. குளித்து, உடுத்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக வாசல் தாண்டி நான் போன வீடு ராத்தாவின் வீடு. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தா குசினியில் நின்றாள், "உள்ளுக்குப் போய் இரி, வாறன்" என்றாள். நான் பின்னறைப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது.

நெல் மூட்டை ஒன்றும் இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. பெரிய கட்டில் ஒன்று, பக்கத்தில் பிள்ளைக்குச் சின்னக் கட்டில் ஒன்று. யன்னலடியில், வெளிச்சம் இடது பக்கமாக விழும்படி ஒரு மேசை. மேசைக்கு மேலே சுவரைக் கொத்தி, புதிதாக ஒரு பிளக் பொயின்ட் அடித்திருந்தது. கொத்தின இடத்துச் சீமெந்துக்கு மட்டும் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை.

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள்.

"இது எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"உன்ட லிஸ்ட் குரூப்ல வந்த கிழமை. நீ வந்தா கொம்பியூட்டருக்குக் கரண்ட் வேணுமே." கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "நீ வரமாட்டாய் எண்டு தெரியும்கா. உன்ட வீட்டிலயே நீ இரிக்கவேணும் எண்டுதான் அஞ்சு நேரமும் துஆக் கேட்டன். ஆனாலும் தனியச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு அலுத்துப் போச்சு. ஒருவேளை வந்தாய் எண்டா, எண்டு ஒரு ஆசை."

நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். "மன்னிச்சிருங்க ராத்தா" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. நானும் மகளும் அந்த அறையில்தான் தங்கினோம்.